புழுங்கலரிசி செய்த புண்ணியம்

பள்ளிக்கூடத்து உயிரியல் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் விதை முளைத்தல் பாடம். இன்னோரிடத்தில் ஜீரண மண்டலம். கடைசியில், பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது அவசர அவசரமாக நடத்தி முடிக்கிற பரிணாமம். மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பதுபோல் மூன்று படங்கள். பிள்ளைகளும் பாவம், மூன்றையும் தனித்தனியாக நெட்டுருப் போட்டு, தனித்தனியாக மறந்துவிடுகிறார்கள்.

இந்த மூன்று பாடங்களும் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. எங்கே என்கிறீர்களா? உங்கள் வீட்டு அரிசிப் பானையில்தான்! அதிலும் தஞ்சாவூர்ப் பக்கத்துப் புழுங்கலரிசியாக இருந்தால் இன்னும் விசேஷம். ஏனென்றால், ஏன் செய்கிறோம் என்று தெரியாமலே தலைமுறை தலைமுறையாக நெல்லை அவித்துச் சாப்பிட்டவர்களை அந்தப் பழக்கம் ஒரு பொல்லாத வியாதியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. அந்தப் பழக்கம் இல்லாத ஊர்களில் பச்சைக் குழந்தைகள் மாண்டு போயிருக்கின்றன. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறோம். வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பெண்ணோ பிள்ளையோ இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு

ஒரு நெல்மணியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே சொரசொரவென்று இருப்பது உமி. அதை நீக்கினால் பழுப்பு நிறத்தில் மெல்லிய தோல். மில்லில் தவிடாக உதிர்வது இதுதான். அதற்கும் உள்ளே வெள்ளை வெளேரென்று அரிசி. மணியின் ஒரு முனையில், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால், சாந்துப் பொட்டு வைத்ததுபோல் ஒரு புள்ளி தெரியும். அதுதான் முளைக்கரு, நெல்லின் குழந்தை.

இந்தக் குழந்தைக்கு வேர் விட்டு, பச்சை இலை விடுகிற வரையில் வெயிலைக் கொண்டு சமைத்துச் சாப்பிடும் சாமர்த்தியம் கிடையாது. அதுவரை பசிக்குமே என்று தாய்ச் செடி கட்டிக் கொடுத்த கட்டுச்சோறுதான் அந்த வெள்ளைப் பகுதி. நாம் உலையில் போடுவது உண்மையில் நெல்லின் பிள்ளைக்கு வைத்திருந்த சோறு!

ஆனால் குழந்தை அதை அப்படியே சாப்பிட முடியாது. சோற்றில் இருப்பது மாவுப்பொருள். சர்க்கரை மணிகளை ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட மாலை போன்றது அது. மாலையை அறுத்து மணி மணியாக்கினால்தான் உடம்பில் ஒட்டும். ஆகவே தண்ணீர் பட்டதும் முளைக்கரு, தவிட்டை ஒட்டியுள்ள உறைக்கு ஒரு சேதி அனுப்புகிறது. அந்த உறை ‘அமைலேஸ்’ என்னும் ஒரு பொருளைச் சுரக்கிறது. பாடப்புத்தகத்தில் நொதி என்று எழுதியிருப்பார்கள். டாக்டர்கள் என்ஸைம் என்பார்கள். நாம் கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்வோம். அது மாவு மாலையைத் துண்டு துண்டாக நறுக்கி இனிப்பாக்கிவிடுகிறது.

குருவை அறுப்பு சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால், களத்தில் கிடக்கிற நெல் முளை கட்டிவிடும் என்று தஞ்சை மிராசுதாரிலிருந்து கூலியாள் வரை எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நெல்லுக்குள் இந்தக் கத்தரிக்கோல் வேலையை ஆரம்பித்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம்.

நெல்லை மாற்றிய மனிதன், மனிதனை மாற்றிய சோறு

பரிணாமம் என்றவுடன் குரங்கின் படம்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. நெற்கதிரின் படம் போட்டால் இன்னும் சுலபமாக விளங்கும்.

காட்டு நெல்லில் கதிர் முற்றினால் மணிகள் பொலபொலவென்று தாமாகவே உதிர்ந்துவிடும். செடிக்கு அது நல்லது, வம்சம் பரவும். ஆனால் அரிவாளோடு வருகிற மனிதனுக்கு அதனால் என்ன லாபம்? எங்கோ சில செடிகளில் மட்டும், பிறவியிலேயே ஏற்பட்ட ஒரு சிறு மாறுதலால், மணிகள் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தன. காட்டில் அது குறை. களத்தில் அது பாக்கியம்! மனிதன் வீட்டுக்குக் கொண்டு வந்ததில் அந்த மணிகளே மிகுதி. அவற்றையே மறு வருஷம் விதைத்தான். இப்படியே எத்தனையோ நூற்றாண்டுகள் நடந்து, இன்றைக்கு நாம் தாளடித்து நெல்லைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

சிறு மாறுதல் பிறவியிலே வருகிறது. எது நிலைப்பது என்பதைச் சூழ்நிலை தீர்மானிக்கிறது. பரிணாமத்தின் சாரம் இவ்வளவுதான். 1859-இல் டார்வின் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டபோது, முதல் அத்தியாயத்தில் மனிதர்கள் வளர்க்கும் புறாக்களையும் செடிகொடிகளையும் பற்றித்தான் எழுதினார்.

சரி, மனிதன் நெல்லை மாற்றினான். சோறு மனிதனை மாற்றாமல் விட்டதா?

நம் எச்சிலிலும் அமைலேஸ் இருக்கிறது. நெல்லின் உறை சுரக்கிற அதே வேலைக்காரனை நம் வாயும் சுரக்கிறது. அதைத் தயாரிக்கச் சொல்லும் ஜீன், சிம்பன்ஸியின் ஒவ்வொரு உயிரணுவிலும் 2 பிரதிகளே இருக்கிறது. மனிதர்களிலோ ஆளுக்கு ஆள் வித்தியாசம். சிலருக்கு 2, சிலருக்கு 10-க்கும் மேலே. மாவுப்பொருளை மிகுதியாக உண்ணும் மக்களிடையே இந்தப் பிரதிகள் சராசரியாக அதிகம் என்று 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி எடுத்துக் காட்டியது. இந்தப் பெருக்கம் விவசாயம் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே, கிழங்கு தோண்டித் தின்ற நாளிலேயே, ஆரம்பித்திருக்கலாம் என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

ஒரு கவளத்தின் யாத்திரை

இனி ஜீரணம். இதற்குப் பெரிய ஆராய்ச்சிசாலை வேண்டாம். நீர்க்கக் கரைத்த சோற்றுக் கஞ்சியை இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் ஒரு ஸ்பூன் எச்சிலைக் கலந்து, இரண்டையும் வெதுவெதுப்பான இடத்தில் கால் மணி நேரம் வையுங்கள். பிறகு மருந்துக்கடை டிங்சர் அயோடினில் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். எச்சில் சேராத கஞ்சி கருநீலமாகிவிடும். மாவுப்பொருள் இருப்பதற்கு அதுவே அடையாளம். எச்சில் கலந்ததில் நிறம் மங்கலாக இருக்கும், அல்லது நீலமே வராது. கத்தரிக்கோல் வேலை செய்துவிட்டது! (சோதனை முடிந்ததும் இரண்டையும் கொட்டிவிடுங்கள். அயோடின் வாய்க்குள் போகக்கூடாது.)

வெறும் சோற்றை ஒரு பிடி எடுத்து நிதானமாக மென்று பாருங்கள். சற்று நேரத்தில் லேசாகத் தித்திக்கும். அவசரமாக இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களுக்கு அந்தத் தித்திப்பு கிட்டாது.

கவளம் இரைப்பைக்குப் போனதும் அங்கே உள்ள அமிலம் எச்சிலின் வேலையை நிறுத்திவிடுகிறது. அப்புறம் சிறுகுடல். ஏறக்குறைய 20 அடி நீளக் குழாய், வயிற்றுக்குள் மடித்து வைத்திருக்கிறது. அங்கே கணையம் புதிதாக அமைலேஸை அனுப்புகிறது. குடற்சுவரிலுள்ள வேறு நொதிகள் மிச்சத் துண்டுகளையும் ஒற்றைச் சர்க்கரையாக, அதாவது குளுகோஸாக, உடைத்துவிடுகின்றன. குடலின் உட்புறத்தில் டர்க்கி டவல் மாதிரி நிறைந்திருக்கும் குடலுறிஞ்சிகள் அதை ரத்தத்தில் சேர்க்கின்றன.

பாடப்புத்தகத்தில் ஜீரணம் இத்துடன் முடிந்துவிடுகிறது. நம் கதை இங்கேதான் ஆரம்பம். அடுப்பில் விறகை அடுக்கிவிட்டால் போதுமா? பற்றவைக்க நெருப்புக்குச்சி வேண்டாமா?

நெருப்புக்குச்சி எங்கே?

குளுகோஸ் என்பது விறகு. உயிரணுவுக்குள் அது பாதி எரிந்து ‘பைருவேட்’ என்ற நிலைக்கு வந்து நிற்கும். அதற்கு மேல் எரிந்து முழுச் சக்தியையும் கொடுக்க வேண்டுமானால் ‘தயமின்’ வேண்டும். பி-1 வைட்டமின் என்பது இதைத்தான். நாளொன்றுக்கு வேண்டியது ஒரு மில்லிகிராம், ஒன்றரை மில்லிகிராம். கடுகளவு கூட இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் வயிறு நிறையச் சோறு இருந்தும் உடம்பு பட்டினி! முதலில் அடிபடுவது, ஓயாமல் சக்தி கேட்கும் நரம்புகளும் இருதயமும். கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடம்பு நீர் கோத்து வீங்கும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். இதுதான் பெரிபெரி. பலவீனத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

இவ்வளவு அவசியமான பொருளை நம் உடம்பே தயாரித்துக்கொள்ளக்கூடாதோ? செடிகள் தயாரிக்கின்றன, எத்தனையோ நுண்ணுயிர்களும் தயாரிக்கின்றன. மிருகங்களால் முடியாது. இங்கேயும் பரிணாமம்தான் பதில் சொல்கிறது. உணவில் தினமும் தயமின் வந்துகொண்டிருந்த வரையில், அதைத் தயாரிக்கும் திறமையை இழந்த பிராணிக்கு ஒரு கஷ்டமும் நேரவில்லை. கஷ்டம் நேராததால் அந்த வம்சம் அழியவும் இல்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றில் எப்போதும் தண்ணீர் கிடைக்கிறது என்று சொந்தக் கிணற்றைத் தூர்த்துவிட்ட மாதிரி!

நெல் அப்படியல்ல. தானே தயாரித்த தயமினை முளைக்கருவிலும், அதைச் சுற்றியுள்ள தவிட்டுத் தோலிலும் பத்திரமாக வைத்திருக்கிறது. குழந்தைக்குக் கட்டுச்சோறு மட்டுமா, நெருப்புக்குச்சியும் சேர்த்துத்தான் தாய் கொடுத்தனுப்புகிறாள். நாம் என்ன செய்கிறோம்? பார்வைக்கு மல்லிகைப்பூவாக இருக்க வேண்டுமென்று தவிட்டையும் கருவையும் தீட்டித் தள்ளிவிட்டு, வெறும் சோற்றுப் பகுதியை வைத்துக்கொள்கிறோம். தவிடு மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. அரிசி களைந்த கழுநீரும் மாட்டுக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், மாட்டுக்கு அந்தத் தயமின் அவசியமே இல்லை. அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே அதற்கு வேண்டியதைத் தயாரித்துக் கொடுத்துவிடுகின்றன. தேவையில்லாதவருக்கு விருந்து, தேவையுள்ளவருக்கு வெறும் இலை!

மலாய் நாட்டில் ஒரு புதிர்

இது இப்போது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது. மனிதர்கள் ஏன் சாகிறார்கள் என்று டாக்டர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் துப்புக் கிடைத்தது ஜாவாவில். அங்கே டச்சு டாக்டர் ஐக்மனின் ஆராய்ச்சிசாலையில் இருந்த கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழுந்தன. பிறகு திடீரென்று தேறிவிட்டன. விசாரித்தபோது, நடுவில் சில மாதங்கள் அவற்றுக்கு ராணுவ ஆஸ்பத்திரியில் மீந்த தீட்டிய அரிசிச் சோறு போடப்பட்டிருந்தது தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரர், ‘பட்டாளத்து அரிசியைக் கோழிக்குப் போடமாட்டேன்’ என்று நிறுத்திவிட்டார். கோழிகள் பிழைத்தன! இது நடந்தது 1889-இல். அப்புறம் ஜாவாவில் 101 சிறைச்சாலைகளைப் பரிசோதித்தார்கள். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் வீதம் பெரிபெரி. தவிடு போகாத அரிசி போட்ட சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவர்தான்.

இரண்டாவது துப்பில் நம்மவர்கள் வருகிறார்கள். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மலாய் நாட்டுத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். அதே நாட்டில் ஈயச் சுரங்கங்களில் சீனர்கள் வேலை செய்தார்கள். இருவருக்கும் சோறுதான் ஆகாரம், இருவருக்கும் வறுமைதான். ஆனால் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். தமிழர்களை அது அநேகமாகத் தொடவே இல்லை. நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது தங்கள் ஊர் வழக்கப்படி புழுங்கலரிசி. வேறு வித்தியாசம் இல்லை. 1907-இல் அவர் இதைப் புத்தகமாகவே எழுதினார்.

அதே சமயத்தில் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் பிளெட்சர் என்ற டாக்டர் ஒரு சோதனை செய்தார். நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார். 120 பேருக்குத் தீட்டிய பச்சரிசி. 123 பேருக்குப் புழுங்கலரிசி. பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் ஒருவர்கூட அதனால் இறக்கவில்லை. அங்கே அந்த வியாதி கண்டிருந்த இருவரும் வரும்போதே அதோடு வந்தவர்கள். இன்றைக்கு யாரும் இப்படி நோயாளிகளை வைத்துப் பரீட்சை பார்க்க அனுமதிக்கமாட்டார்கள், பார்க்கவும் கூடாது. ஆனாலும் அந்த 18 பேரின் உயிர் உலகத்துக்கு ஒரு பாடம் சொல்லிவிட்டுப் போயிற்று.

நம் மாகாணத்திலேயே

கடல் கடந்து போவானேன்? பழைய சென்னை மாகாணத்துக்குள்ளேயே இந்த வித்தியாசம் இருந்தது. மாகாணத்தின் வட கோடியில், இன்றைய ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களில், மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிடும் வழக்கம். அங்கே பெரிபெரி ஊன்றிப் போயிருந்தது. அதே அரிசி தின்னி நாடான தஞ்சாவூரில், காவேரித் தண்ணீர் பாயும் ஊர்களில், மிகப் பெரும்பாலோர் புழுங்கல்காரர்கள். இங்கே அந்த வியாதி வேரூன்றவில்லை.

இதை ஆராய்வதற்கென்றே குன்னூரில் 1918-இல் டாக்டர் மக்காரிஸன் ஒரே ஓர் அறையில் வேலையை ஆரம்பித்தார். அதுவே வளர்ந்து, பின்னர் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. குன்னூரில் அவருக்குப் பின் வந்த டாக்டர் அய்க்ராய்டும், கிருஷ்ணன் என்பவரும் சேர்ந்து 1941-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நெஞ்சை உலுக்குவது. பெரிபெரி உள்ள ஜில்லாக்களில் கைக்குழந்தைகளின் மரணத்தைப் பற்றியது அது.

தாய்க்குத் தயமின் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். தாய் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருப்பாள். குழந்தையும் இரண்டு, மூன்று மாதம் வரை கொழுகொழுவென்று இருக்கும். ஒரு நாள் பால் குடிக்க மறுக்கும், அழும்போது குரல் எழும்பாது, மூச்சுத் திணறும். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். திருஷ்டி என்று நினைத்தவர்கள் உண்டு. மாந்தம் என்று நினைத்தவர்களும் உண்டு. உரிய நேரத்தில் தயமின் ஊசி போட்டால் அதே குழந்தை சில மணி நேரத்தில் பால் குடிக்க ஆரம்பித்துவிடும்!

அந்தத் தயமினை முதன்முதலாகச் செயற்கையில் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். 1936-இல் வெற்றி கண்டார். அவர் எங்கே பிறந்தார் தெரியுமா? பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில்! நெல்லின் பெயரையே கொண்ட ஊரில் பிறந்தவர் அரிசித் தவிட்டின் ரகசியத்தைக் கண்டுபிடித்தது பொருத்தம்தானே?

பாட்டி சொன்ன காரணம்

தஞ்சைக் கிராமத்தில், அண்டாவில் நெல் கொதிக்கும்போது ஒரு பேத்தி கேட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“ஏன் பாட்டி, நெல்லை எதுக்கு அவிக்கணும்? அப்படியே குத்தினா ஆகாதா?”

“அவிச்சாத்தான்டி கண்ணு அரிசி நொறுங்காம வரும். சோறும் பொலபொலன்னு நிக்கும். ஒரு பிடி சாப்பிட்டாலும் பசி தாங்கும்.”

பாட்டி சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உள்ளேயுள்ள மாவு வெந்து இறுகுகிறது, மணியில் உள்ள வெடிப்புகள் ஒட்டிக்கொள்கின்றன, நொய் குறைகிறது. ஆனால் பாட்டிக்குத் தெரியாமல் இன்னொரு காரியமும் அண்டாவுக்குள் நடக்கிறது. தயமின் தண்ணீரில் கரையும் சுபாவம் உடையது. உமிக்குள் புகுந்த சுடுநீர், தவிட்டிலும் கருவிலும் உள்ள தயமினைக் கரைத்து, வெள்ளை அரிசிக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. மாவு இறுகியதும் அது அங்கேயே சிக்கிக்கொள்கிறது. பிறகு மில்லில் போட்டுத் தவிட்டை நீக்கினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. முளைக்கரு மட்டும் வெந்துவிடுகிறது. அதனால்தான் அவித்த நெல் முளைக்காது.

கணக்கைப் பாருங்கள். ஹைதராபாத் நிறுவனத்தார் போட்ட பழைய உணவு அட்டவணைப்படி, 100 கிராம் அரிசியில் உள்ள தயமின்:

மில்லில் தீட்டிய பச்சரிசி: 0.06 மில்லிகிராம்
கைக்குத்தல் பச்சரிசி: 0.21 மில்லிகிராம்
மில்லில் தீட்டிய புழுங்கலரிசி: 0.21 மில்லிகிராம்
கைக்குத்தல் புழுங்கலரிசி: 0.27 மில்லிகிராம்
தவிடு: 2.70 மில்லிகிராம்

மில்லுக்குப் போய்வந்த புழுங்கல், உலக்கையில் குத்திய பச்சரிசிக்குச் சமம்! பச்சரிசிச் சாதமே சாப்பிட்ட குடும்பங்களும் தஞ்சையில் உண்டு. உலக்கை இருந்த நாளில் அவர்களுக்குக் குத்தரிசியில் ஒட்டிய தவிடு கைகொடுத்தது. கூடவே பருப்பும் இருந்தது. உலக்கை போய் இயந்திரம் வந்ததும்தான் ஆபத்து வந்தது.

காரணம் தெரியாத பழக்கத்தில் உள்ள சங்கடமும் இதுவே. ‘நொய் விழாமலிருக்கத்தான் அவிக்கிறோம்’ என்று மட்டும் நினைத்தால், நொய் விழாத நல்ல மில் வந்ததும் ‘இனி எதற்கு இந்த வேலை?’ என்று விட்டுவிடத் தோன்றும். புழுங்கலின் வாடை பிடிக்கவில்லை என்றும் விட்டுவிடலாம். அந்த வாடைக்குக் காரணம் நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போடுவது. மைசூர் உணவு ஆராய்ச்சிசாலையார் சுடுநீரில் சில மணி நேரம் ஊறவைக்கும் முறையை வகுத்து அதற்கும் பரிகாரம் கண்டார்கள். பழக்கத்தின் காரணம் தெரிந்தால் அதன் குறையை மட்டும் நீக்கிவிட்டுக் குணத்தை வைத்துக்கொள்ளலாம்.

இன்றைய சமையலறைக்கு

‘இதெல்லாம் பழங்கதை, பெரிபெரி இப்போது ஏது?’ என்று கேட்கலாம். அண்மை ஆண்டுகளில் காஷ்மீரத்தில், கைக்குழந்தைகள் பலர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். தயமின் கொடுத்ததும் பிழைத்தார்கள். தாய்மார்கள் பிரசவத்துக்குப் பின் வெள்ளை அரிசியை மிகுதியாகவும் மற்றவற்றைக் குறைவாகவும் சாப்பிட்டதே காரணம் என்று டாக்டர்கள் கண்டார்கள். ஆகவே, நம் வீட்டில் கவனிக்கவேண்டியவை சில.

அரிசியை ஐந்து தடவை, ஆறு தடவை கழுநீர் தெளிகிற வரை களையாதீர்கள். தீட்டிய பச்சரிசியில் இருக்கிற சொற்பத் தயமினில் பாதி வரை கழுநீரோடு போய்விடும். தூசு போக ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை போதும். புழுங்கலில் இந்த நஷ்டம் குறைவு.

கஞ்சி வடிப்பவர்கள் வடிகஞ்சியைக் கொட்டாதீர்கள். உப்புப் போட்டு, மோர் கலந்து குடித்துவிடுங்கள். அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் பொங்கினால் வடிக்கிற நஷ்டமே இல்லை.

பச்சரிசிதான் பிடிக்கும் என்பவர்கள் பருப்பு, பயறு, வேர்க்கடலை, கீரை இவற்றைக் குறைக்காதீர்கள். அரிசியில் போனதைப் பருப்பில் பிடித்துவிடலாம்.

முக்கியமாக, பிள்ளை பெற்றவளைப் பத்தியம் என்ற பெயரில் வெறும் சோறும் ரசமுமாக வாட்டாதீர்கள். அவள் இலையில் குழந்தைக்கும் சேர்த்துத்தான் பரிமாறுகிறீர்கள். பாலுண்ணும் குழந்தை திடீரென்று குடிக்க மறுத்து, குரல் கம்மி, மூச்சு வாங்கினால், மந்திரிக்க ஆள் தேடாமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். எதுவானாலும் தாமதம் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. புழுங்கல் பச்சரிசியைவிடச் சற்று நிதானமாக ஜீரணமாகும் என்பது பொதுவாக உண்மைதான். அதற்காக நீரிழிவு உள்ள மாமனார், ‘புழுங்கல்தானே!’ என்று இன்னும் இரண்டு கரண்டி கேட்டால் போடாதீர்கள். புழுங்கலானாலும் அது சோறுதான், குளுகோஸாகத்தான் முடியும்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. விதை முளைத்தல், ஜீரணம், பரிணாமம் மூன்றையும் இனி ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். எங்காவது மறந்துபோனால் சமையலறைக்குப் போய் ஒரு பிடி அரிசியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே அம்மா அரிசி களைவதை எண்ணுங்கள். மூன்றாவது தடவை தண்ணீர் ஊற்றினால், ‘போதும் அம்மா’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

அடுத்த வாரம்: பால் எப்படித் தயிராகிறது?